நாற்பத்திரண்டாவது அடியில் தண்ணீர்!

போன் அலறியது.

காலை மணி ஏழு பத்து.

சங்கமித்ராவின் வாயில் பிரஷ். கையில் பால் பாத்திரம். மர்பி டவுனில் அவளுடைய சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ஜன்னலில்தான் உட்கார வேண்டும். அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் போன் கத்திக்கொண்டிருந்தது.

திரையில் முனியப்பன்.

பதினோரு வருடமாக அவளோடு சேர்ந்து பெங்களூர் முழுக்க போர்வெல்களில் தண்ணீர் மட்டம் அளப்பவர். வாரியத்தின் கள உதவியாளர்.

"சொல்லுங்கண்ணா."

"மேடம்... எங்க இருக்கீங்க?" குரல் நடுங்கியது.

"வீட்லதான். எட்டரைக்குத்தானே அங்க வரச் சொன்னீங்க?"

"வெயிலுக்கு முந்தி வேலைய முடிச்சிரலாம்னு நான் வந்துட்டேன் மேடம். மூடியத் தொறந்து டேப்ப எறக்கினேன். சாக்பீஸு நனைஞ்சு வருது!"

பிரஷ் கீழே விழுந்தது.

"அண்ணா... அது செத்த போர்வெல்!"

"அதைத்தான் சொல்றேன்! மூணு வருசமா ஒரு சொட்டு இல்ல. இப்ப தண்ணி நிக்குது. எனக்கு என்னவோ மனசுக்குச் சரியாப் படல மேடம்... இருங்க. யாரோ வர்றாங்க. யாருய்யா நீங்க? ஏய்... கிட்ட வராத! ஏய்! மேடம்ம்ம்!"

ஒரு அலறல்!

'தொப்'பென்று ஒரு சத்தம்!

பிறகு... ஒன்றுமில்லை.

திரும்பக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அதை அவள் பார்க்கவே இல்லை.

* * *

சங்கமித்ராவுக்கு முப்பத்தாறு வயது. நிலத்தடி நீர் ஆய்வாளர். வாரியத்தில் ஒப்பந்த ஊழியர். அதாவது, வேலை நிரந்தரம்... வேலைக்காரர் தற்காலிகம்.

வாரியம் என்றால் பெருநகர வீடமைப்பு அனுமதி வாரியம். நான்கு வருடங்களுக்கு முன்னால் நகரமே குடத்தோடு தெருவில் நின்றபோது, 'இனிமேல் புது அடுக்குமாடி எதுவும் கட்டக் கூடாது' என்று அது தடை போட்டது. ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்டோமே என்ற உறுத்தலில் அன்று தூக்கத்தைத் தொலைத்த வாரியம், இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் தடையில் ஒரு பகுதியை விலக்கப் போகிறது.

விதி சுலபமானது. எந்தப் பகுதியில் வாரியத்தின் சோதனை போர்வெல்லில் நூறு அடிக்குள் தண்ணீர் நிற்கிறதோ, அந்தப் பகுதிக்குத் தடை நீங்கும். மற்ற இடங்களில் தொடரும்.

மொத்தம் பதினோரு பகுதிகள். பத்தை அளந்தாகிவிட்டது. மூன்றில் தண்ணீர். ஏழில் தூசி.

பாக்கி ஒன்று.

சிக்கமல்லனகெரே!

கெரே என்றால் கன்னடத்தில் ஏரி. அது பெயரில் மட்டும்தான் மிச்சம்.

* * *

ஸ்கூட்டரை நிறுத்தியபோது மணி எட்டு இருபது.

பொட்டல். சுற்றிலும், தடை வந்த அன்று பாதியில் நின்றுபோன எலும்புக்கூடுக் கட்டடங்கள். வராத ஐந்தாவது மாடிக்காக வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் துருக் கம்பிகள். வாசலில் 'உங்கள் கனவு இல்லம் தயார்' என்று ஒரு பலகை. கனவு தயார்தான். இல்லம்தான் இல்லை.

ஒரு நாய்கூட இல்லை.

"முனியப்பண்ணா!"

சுவரில் மோதி அவள் குரலே திரும்பி வந்தது.

போர்வெல்லுக்குப் பத்தடி தள்ளி அவருடைய மொபெட் சரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு செருப்பு.

ஒற்றைச் செருப்பு!

கைப்பையைத் துழாவினாள். சாவி கையில் நிற்காமல் இரண்டு தடவை மண்ணில் விழுந்தது. எப்படியோ பித்தளைப் பூட்டைத் திறந்து, இரும்பு மூடியைத் தள்ளி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. ஆறரை அங்குலக் குழாய்க்குள் முனியப்பன் விழ முடியாது. அவருடைய மீசையே ஆறரை அங்குலம்.

ஆனால் கீழே எதுவோ பளபளத்தது.

ஸ்கூட்டரிலிருந்து தன் டேப்பை எடுத்து, நுனியில் சாக்பீஸைத் தேய்த்தாள். இறக்கினாள். இழுத்தாள்.

வெள்ளைப் பூச்சு ஓர் இடத்தில் நனைந்து கறுத்திருந்தது.

நாற்பத்திரண்டு அடி!

போன மாதம் இதே குழாயில் அறுநூறு அடிவரை டேப் காய்ந்தே வந்தது. மழையும் இல்லை. அவள் டேப்பை முகர்ந்தாள்.

பிளீச்சிங் பவுடர்!

பூமிக்கு அடியில் பிளீச்சிங் பவுடர் விளைவதில்லை. எவனோ டேங்கர் லாரியைக் கொண்டுவந்து குழாய்க்குள் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். நாளைக் காலைக்குள் அது வடிந்துவிடும். ஆனால் வாரியத்துக்கு இன்றைய அளவு போதும்!

போன் அடித்தது. தெரியாத எண்.

"ஹ... ஹலோ?"

"பாத்தியா?"

சங்கமித்ரா அதிர்ந்தாள். மனிதக் குரல் இல்லை! ஏதோ மொபைல் ஆப் வழியாக வந்த குரல். கார்ட்டூன் படத்து வாத்து பேசுவதைப் போல.

"யாரு நீ? முனியப்பண்ணா எங்க?"

"உசிரோட இருக்கான். சாயங்காலமும் இருப்பானாங்கறது உன் கைல இருக்கு. எவ்ளோ அடி?"

"நா... நாப்பத்திரண்டு."

"அதையே மூணு மணிக்குச் சொல்லு. டேப் சொன்னத நீ சொல்லப் போற. பொய்கூட இல்லையே!"

"இது டேங்கர் தண்ணி! எனக்குத் தெரியும்!"

"தெரிஞ்சத மனசுக்குள்ள வச்சுக்க. போலீசுக்குப் போனா அவன் இல்ல. 'தண்ணி இல்ல'ன்னு சொன்னா நீயும் இல்ல. மர்பி டவுன், பச்சைக் கதவு, மாடிப்படிக்குக் கீழ வீடு. சரியா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்புறம்... சாவிய மண்ணுலருந்து எடுத்தியே, கையத் தொடச்சுக்க. சுடிதார்ல அப்பிருச்சு பாரு."

சட்டென்று நிமிர்ந்தாள்.

நான்கு பக்கமும் எலும்புக்கூடுக் கட்டடங்கள். நூற்றுக்கணக்கான கறுப்பு ஜன்னல் ஓட்டைகள். அதில் ஏதோ ஒன்றிலிருந்து அவளை ஒரு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எதிலிருந்து?

அவள் அதைத் தேடிப் பார்க்கவில்லை. மூடியைத் தள்ளிப் பூட்டினாள். ஓடினாள்!

* * *

ஈஜிபுரா தாண்டி ஒரு குறுகலான சந்தில் திரும்பியபோதுதான் பின்னால் ஹார்ன் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தாள்.

டேங்கர் லாரி!

ஓரம் கொடுத்தாள். லாரி தாண்டிப் போகவில்லை. அதுவும் ஓரத்துக்கு வந்தது.

வேகம் கூட்டினாள். லாரியும் கூட்டியது.

"யோவ்! தள்ளிப் போய்யா!"

ஹார்ன்தான் பதில் சொன்னது. இடது பக்கம் சுவர். வலது பக்கம் லாரியின் ராட்சச டயர். நடுவில் மூன்றடி... இரண்டரை அடி... இரண்டு அடி...

ஸ்கூட்டரின் கண்ணாடி சுவரில் உரசி ஒடிந்தது!

அவள் கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை அழுத்தினாள். லாரி அவளை உரசாத குறையாகத் தாண்டி, தண்ணீரைச் சிந்திக்கொண்டே சந்து முனையில் மறைந்தது. பின்பக்கம் 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவீர்' என்று எழுதியிருந்தது.

போன்.

"அது சும்மா ஹார்ன் அடிச்சுப் பாத்தது," என்றது வாத்து. "மூணு மணிய மறந்துராத."

கார்ட்டூன் வாத்து கொலை மிரட்டல் விடுகிறது. வேறு யாருக்காவது நடந்திருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போது ஸ்கூட்டரை வாரியத்துக்கு விரட்டினாள்.

* * *

வாரியக் கட்டடத்துக்கு ஆறு மாடி. ஊருக்கெல்லாம் கட்டட அனுமதி வழங்கும் அந்தக் கட்டடத்துக்கு இன்னும் தீயணைப்பு அனுமதி வரவில்லை.

லிஃப்டில் ஏறினாள். கதவு மூடப் போகும்போது ஒரு கை உள்ளே நுழைந்தது. ஐந்து விரலில் ஏழு மோதிரம்.

கிருஷ்ணப்பா!

சிக்கமல்லனகெரேயில் மூவாயிரம் வீடு கட்டக் காத்திருக்கும் பில்டர். அந்த எலும்புக்கூடுகளின் சொந்தக்காரர்.

கதவு மூடியது. உள்ளே அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"ஏனம்மா... சௌக்யமா?"

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நாப்பத்திரண்டு அடி!" கிருஷ்ணப்பா கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். "தேவரு தொட்டவரு. சாமி பெரியவரும்மா. நாலு வருஷம் நான் பட்ட பாட்டுக்கு பூமித்தாயி கண்ணத் தொறந்துட்டா!"

அளவை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை! அந்த வாத்தைத் தவிர!

"உங்... உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"எனக்குத் தெரியாம இந்த ஊர்ல தண்ணி ஊறுமா?" கிருஷ்ணப்பா பொன் பல் தெரியச் சிரித்தார். "ஏம்மா நடுங்கறே? நாவெல்லா ஒந்தே பேமிலி. நாம எல்லாம் ஒரே குடும்பம். மூணு மணிக்கு நல்ல வார்த்தையாச் சொல்லு, ஆயிதா?"

நான்காவது மாடி. கதவு திறந்தது. அவள் வெளியே பாய்ந்தாள்.

வராந்தாவின் கடைசியில் ஓர் உரத்த குரல் முழங்கிக்கொண்டிருந்தது.

"தடை என்பது தடையல்ல! தடையின்மையின் காத்திருப்பு!"

வாரியத் தலைவர் ஹரிஷ்குமார். பெயருக்கு முன்னால் டாக்டர். எதில் டாக்டர் என்று கேட்ட இரண்டு பேருக்கு மாற்றல் கிடைத்தது. மூன்று மணி உரையை அவர் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... ஒரு நிமிஷம். முனியப்பனைக் காணோம் சார்..."

"லீவ் லெட்டர் குடுத்தாரா?"

"சார், அவரை யாரோ..."

"மீட்டிங் முடியட்டும்மா. 'காத்திருப்பு'ங்கற எடத்துல கைய மேல தூக்கட்டுமா, பக்கவாட்டுல விரிக்கட்டுமா? அதச் சொல்லு முதல்ல."

* * *

"அக்கா! என்னக்கா, ஸ்கூட்டர் கண்ணாடி தொங்குது? முகம் வேற சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு!"

பாலகுமார். திண்டுக்கல்லிலிருந்து வந்து, வாரியத்தின் கம்ப்யூட்டர் அறையில் வரைபடம் போடுபவன். தடை விலக்கு ஆணையின் அறுபத்தெட்டு பக்கத்தையும் அடித்தவன். ஆகவே, அதை முழுவதும் படித்த ஒரே மனிதப் பிறவி.

சங்கமித்ரா போனை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினாள். அதன் மேல் ஒரு ஸ்வெட்டரைப் போட்டாள். பிறகு அவன் காதோடு எல்லாவற்றையும் சொன்னாள்.

சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"கிருஷ்ணப்பாதான் பாலா. சந்தேகமே இல்ல. லிஃப்ட்ல மிரட்டற மாதிரியே பேசினாரு. நான் நாப்பத்திரண்டுன்னு சொன்னா, மூவாயிரம் குடும்பம் லோன் போட்டு வீடு வாங்கும். கொழாயத் தொறந்தா காத்துதான் வரும். சொல்லலேன்னா முனியப்பண்ணா உசிரு போகும். நான் என்ன பண்ணுவேன்?"

பாலகுமார் நகத்தைக் கடித்தான்.

"அக்கா, அவர் கத்துனப்ப மூடி தொறந்திருந்ததா?"

"ஆமா. டேப் உள்ள இருந்துச்சே. அவரே சொன்னாரு."

"நீங்க போனப்ப?"

"மூடியிருந்துச்சு. என் சாவியப் போட்டுத்தான் தொறந்தேன்."

"அப்ப பூட்டினது யாருக்கா?"

"அ... அடிச்சவங்க பூட்டியிருப்பாங்க."

"பிளான் போட்டு ஆளைத் தூக்கறவன், நீங்க வந்து அளக்கணும்னு காத்திருக்கறவன், எதுக்கு அவர் பையிலருந்து சாவிய எடுத்துப் பூட்டணும்? தொறந்து போட்டுட்டுப் போனாத்தானே அவனுக்கு வசதி?"

சங்கமித்ரா மெதுவாக நிமிர்ந்தாள்.

பதினோரு வருடங்களில் முனியப்பன் மூடியைத் திறந்து போட்டு அவள் பார்த்ததே இல்லை. டீ குடிக்கப் போனாலும் பூட்டுவார். ஒண்ணுக்குப் போனாலும் பூட்டுவார். எங்கேயோ ஒரு குழந்தை போர்வெல்லில் விழுந்ததை டி.வி.யில் பார்த்த நாளிலிருந்து அப்படி. போர்வெல்காரர்களுக்கு அது வேலை இல்லை... கையில் ஊறிப்போன பழக்கம். மூடியைப் பார்த்தால் கை தானாகப் பூட்டும்.

தன்னைத் தானே கடத்திக்கொண்டு போகும்போதும் பூட்டும்!

"இல்ல பாலா... இருக்காது. அவரா? என் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறினவரு!"

"நல்லாப் பரிமாறினாரா?"

"விளையாடாத! நூத்துல தொண்ணூறு நீ சொல்றது சரியா இருக்கலாம். மீதி பத்துல ஒரு மனுஷன் கட்டிப்போட்டுக் கெடக்கறாரு. நான் 'தண்ணி இல்ல'ன்னு சொல்லி, அவரு செத்துட்டா?"

"அப்ப சொல்லாதீங்க."

"என்னது?"

"வாத்து சொன்ன மாதிரியே சொல்லுங்க. நாப்பத்திரண்டு. ஒரு எழுத்துகூட மாத்த வேணாம்." பாலகுமார் ஆணையின் பிரதியை எடுத்துப் பிரித்தான். "அதுக்கப்புறம் இந்த நாப்பத்தொன்பதாம் பக்கத்த வாசிங்க. சத்தமா."

அவள் படித்தாள். இரண்டாவது தடவை படித்தாள்.

"இது... இது யாருக்கும் தெரியாதா?"

"மூணாம் பக்கத்துக்கு மேல எவனுமே போகலக்கா. எழுதின கமிட்டியே மறந்திருக்கும்."

"வாசிச்சும் ஒண்ணும் நடக்கலேன்னா?"

பாலகுமார் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தான். ஒன்றும் நடக்காவிட்டால் பொய்த் தண்ணீர் ஆணையாகிவிடும். அவள் கையெழுத்தோடு.

"நான் மெதுவா எனக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் உமேஷுக்கு ஒரு போன் போடறேன்," என்றான். "என் நம்பர்ல இல்ல. கேன்டீன் நம்பர்லருந்து."

* * *

இரண்டு ஐம்பத்தைந்து.

கூட்ட அறை வாசலில் அவள் போன் அதிர்ந்தது.

"உள்ள போறியா?" வாத்து.

"போ... போறேன்."

"லைனைக் கட் பண்ணாத. போனை மேஜை மேல வை, ஸ்பீக்கரைப் போட்டு. நீ பேசறது எனக்குக் கேக்கணும். ஒரு வார்த்தை மாறினா, அடுத்த தடவை லாரி பிரேக் போடாது."

அவள் உள்ளே போனாள்.

நீள மேஜை. இருபது பேர். முந்திரி பக்கோடா. கடைசி நாற்காலியில் ஒரு சஃபாரி சட்டை ஆள் பக்கோடாவை மென்றுகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் உமேஷ். 'யார் நீங்கள்' என்று அவரை யாரும் கேட்கவில்லை. எந்த அரசுக் கூட்டத்திலும் யாரென்று தெரியாத நாலு பேர் உட்கார்ந்திருப்பது வழக்கம்.

அவள் போனை மேஜைமேல் வைத்தாள்.

அது ஒரு வெடிகுண்டைப் போல உட்கார்ந்திருந்தது.

"...தடையின்மையின் காத்திருப்பு!" ஹரிஷ்குமார் கையைப் பக்கவாட்டில் விரித்து முடித்தார். யாருக்கும் புரியவில்லை. ஆகவே பலமாகக் கை தட்டினார்கள். "இப்போது பதினோராவது பகுதி. மிஸ் சங்கமித்ரா!"

மிஸஸ் என்று திருத்த அவளுக்கு வாய் வரவில்லை. எழுந்தாள்.

மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"சி... சிக்கமல்லனகெரே. சோதனை போர்வெல். இன்னைக்குக் காலைல எட்டு நாப்பதுக்கு எடுத்த அளவு..."

கிருஷ்ணப்பா முன்னால் குனிந்தார்.

போன் மூச்சு விடுவதுபோல அவளுக்குத் தோன்றியது.

"...நாப்பத்திரண்டு அடி."

கைதட்டல்! கிருஷ்ணப்பா கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். ஹரிஷ்குமார் பேனா மூடியைக் கழற்றினார்.

"ஆகவே சிக்கமல்லனகெரேக்கு இன்று முதல் தடை..."

"சார்! ஒரு நிமிஷம்!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

"கையெழுத்துக்கு முன்னாடி நாப்பத்தொன்பதாம் பக்கத்த வாசிக்கணும் சார். ஆணையிலேயே அப்படி இருக்கு."

"அதெல்லாம் எல்லாரும் படிச்சதுதானே?" ஹரிஷ்குமார் மேஜையைச் சுற்றிப் பார்த்தார்.

இருபது பேரும் பக்கோடாவைப் பார்த்தார்கள்.

"சரி... சுருக்கமா வாசி."

சங்கமித்ரா போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"'பிரிவு ஒன்பது. தடை விலக்கப்படும் பகுதி, தண்ணீரில் தன்னிறைவு பெற்றதாகக் கருதப்படும். ஆகவே அப்பகுதிக்குள் பத்து ஆண்டுகளுக்கு எந்த டேங்கர் லாரியும் நுழையக் கூடாது. நுழையும் லாரி பறிமுதல் செய்யப்படும்.'"

ஒரு விநாடி.

இரண்டு.

மூன்று.

ஒன்றும் நடக்கவில்லை! ஹரிஷ்குமாரின் பேனா காகிதத்தைத் தொட்டது. அவ்வளவுதான். தோற்றுவிட்டாள். பொய்க்குத் துணை போய்...

"என்னாது?" என்றது மேஜைமேல் இருந்த வாத்து.

இருபது தலைகள் போன் பக்கம் திரும்பின.

"லாரி வரக் கூடாதா? பத்து வருசமா?"

அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது. அதே வார்த்தைகள், அதே நொடியில், ஜன்னல் வழியாகவும் கேட்டன! கீழே தெருவிலிருந்து... ஒரு மனிதக் குரலில்! பதினோரு வருடமாக அவளுக்குப் பழக்கமான குரலில்!

"அதெப்படி சார் ஆகும்?" மேஜையில் வாத்து கத்தியது. "அதெப்படி சார் ஆகும்?" தெருவில் முனியப்பன் கத்தினார். "மூவாயிரம் வீட்டுக்கு யாரு தண்ணி ஊத்துவா? அங்க ஏது சார் தண்ணி? அது நான் ஊத்தின தண்ணி! விடியக்காலைல ரெண்டு லோடு! கையெழுத்துப் போட்டுராதீங்க சார்!"

சங்கமித்ரா ஜன்னலுக்கு ஓடினாள்.

எதிரில் டீக்கடை வாசலில் ஒரு டேங்கர் லாரி. அதன் கதவைத் திறந்துகொண்டு, ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு, போனை வாய்க்கு நேராகப் பிடித்தபடி நான்காவது மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார், கடத்தப்பட்ட முனியப்பன்!

சஃபாரி சட்டை ஏற்கெனவே படிகளில் பாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

* * *

பத்தே நிமிடம்.

முனியப்பனைக் கூட்ட அறைக்கே கொண்டுவந்து நிறுத்தினார் உமேஷ்.

"நாலு லாரி. எல்லாம் இவன் மச்சான் பேர்ல. தண்ணியே இல்லாத எடத்துல மூவாயிரம் வீடு வந்துட்டா, ஜென்மத்துக்கும் இவன் லாரிதான் அங்க தண்ணி அடிக்கணும். அதுக்குத்தான் இவ்ளோ வேஷம்."

"எனக்கும் இதே வாத்துதான் காலைல போன் பண்ணிச்சு!" கிருஷ்ணப்பா பதறினார். "'நாப்பத்திரண்டு அடி, சந்தோசமா இரு'ன்னு! நான் ஏதோ தெய்வ வாக்குன்னு நெனச்சேன் சார்!"

"வாத்துக் குரல்லயா?"

"தெய்வம் எந்தக் குரல்ல பேசும்னு யாருக்கு சார் தெரியும்?"

சங்கமித்ரா முனியப்பனைப் பார்த்தாள்.

"ஏண்ணா? என் வீட்ல எத்தன தடவ சாப்பிட்டிருக்கீங்க? பச்சைக் கதவுன்னு சொல்ல எப்படிண்ணா வாய் வந்துச்சு?"

முனியப்பன் தரையைப் பார்த்தார். "மேடம்... உங்க மேல தூசு விழ விட்டிருக்க மாட்டேன். சத்தியமா. சும்மா பயமுறுத்தத்தான்."

"சுவத்தோட சேத்து லாரிய வச்சு நசுக்கப் பாத்தது?"

"அது மச்சான் ஓட்டினது மேடம். கிட்டப் போய் ஹார்ன் அடின்னுதான் சொன்னேன். அவனுக்கு லைசென்ஸ் கெடையாது."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உண்மையாகவே உடம்பு நடுங்கியது. கொலைகாரனிடமிருந்து இல்லை... வண்டி ஓட்டத் தெரியாதவனிடமிருந்து தப்பித்திருக்கிறாள்!

பாலகுமார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். தன் அறிக்கையை எடுத்து, நாற்பத்திரண்டை அடித்து, 'நீர் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஹரிஷ்குமார் தொண்டையைக் கனைத்தார். "எட்டுப் பகுதிகளில் தடை தொடர்கிறது. மூன்றில் மட்டும் விலக்கப்படுகிறது. சூழ்ச்சியை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்த இந்த வாரியத்தை, இந்த வாரியம் பாராட்டுகிறது!"

கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தது. முனியப்பனோடு வாசலைத் தாண்டப் போன உமேஷை ஹரிஷ்குமார் அவசரமாக ஓரம் கட்டினார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இன்ஸ்பெக்டர்... அந்த நாலு லாரியையும் பறிமுதல் பண்ணி ஸ்டேஷனுக்குத்தானே கொண்டுபோறீங்க?"

"ஆமா சார். ஏன்?"

"நிறைஞ்ச லாரியா ஒண்ண மட்டும் என் வீட்டு வழியா விடுங்களேன்... நான் குளிச்சு நாலு நாளாச்சு!"